கணிப்பொறி அறையின் சாவி

'கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது' என்று சொல்கிற நண்பர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து, படித்து, நல்ல வேலையில் உட்கார்ந்துவிட்ட நம்ம ஆட்களே இதை அதிகம் சொல்கிறார்கள். யார் தட்டினாலும் எழுத்து விழும், யார் கேட்டாலும் பதில் வரும், ஆகவே வகுப்பறைக்குள் கணிப்பொறி வந்துவிட்டால் வாத்தியாரின் சாதிப் பார்வையிலிருந்து நம்ம புள்ளைங்க தப்பிச்சிடும் என்பது அவர்கள் வாதம். எழுத்து விழும் என்பது சரிதான். கரும்பலகைக்கும் சாதி தெரியாது. தண்ணீர்க் குழாய்க்கும் தெரியாது. ஆனால் சத்தாராவில் பள்ளிச் சிறுவனாயிருந்த அம்பேத்கருக்குத் தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டியிருந்தது. பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. பிறகு பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சோற்று டப்பாக்களை எடுத்துக்கொள்ள மற்ற பையன்கள் பாய்ந்து ஓடினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம்.

வகுப்பறைக் கருவிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கருவியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எந்த வருஷம் வந்தது, எவ்வளவு வேகம், எவ்வளவு நினைவகம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். அது இருந்த அறையின் சாவி யார் இடுப்பில் தொங்கியது என்று எழுத ஆளில்லை. நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். கணிப்பொறியின் உள்விவகாரம் பேச எனக்குத் தகுதி கிடையாது. சாவியைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நம்ம மண்ணிலிருந்து தொடங்கலாம். மண் என்றால் இங்கே மணலேதான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்துக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். தன் காப்பகத்தில் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் முறைத்துக்கொண்டார்கள். உடனே பெரிய பையனைச் சின்னப் பையனுக்கு வாத்தியாராக்கினார். நம்ம பழைய சட்டாம்பிள்ளை ஏற்பாடுதான். 1797இல் இங்கிலாந்தில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பல தேசங்களுக்குப் போனது. காசு செலவில்லாத கருவி, பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மணல் பரப்பிய அந்தத் திண்ணை யார் வீட்டுத் திண்ணை? அதில் ஏறி உட்காரச் சேரிப் பிள்ளைக்கு யார் இடம் கொடுத்தார்கள்? சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று கர்னல் ஆல்காட் தன் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தது 1894இல். பெல் தன் புத்தகத்தைப் போட்டு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து. மணல் எங்கேயும் கிடந்தது. அள்ளி எழுத விடத்தான் ஆளில்லை.

மின்சாரம் வந்த பிறகான கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. புறாக்களுக்குத் தானியம் போட்டுப் பழக்கிய உளவியல்காரர் ஸ்கின்னர், 1953இல் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். பிள்ளை போட்ட கணக்கு சரியா தப்பா என்று உடனே சொல்ல அங்கே ஆளில்லை என்று பட்டது. அடுத்த வருஷமே ஒரு கற்பிக்கும் எந்திரத்தைச் செய்து காட்டினார். 1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்று பெயர் வைத்து, கணிப்பொறியாலேயே பாடம் நடத்தும் ஏற்பாடு வந்தது. இதையெல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம். எனக்கு முக்கியம் 1966.

அந்த வருஷம் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் பேட்ரிக் சப்பிஸ் ஒரு கட்டுரை எழுதினார். மாசிடோனிய ராஜா பிலிப்பின் மகன் அலெக்சாந்தருக்கு அரிஸ்டாட்டில் என்ற தனி ஆசிரியர் வாய்த்தார். கணிப்பொறியின் தயவால் இனி லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அப்படியோர் ஆசிரியர் வாய்ப்பார் என்பது அதன் சாரம். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவை விற்க வருகிறவர்கள் சொல்வதும் வார்த்தைக்கு வார்த்தை இதுதான். அறுபது வருஷமாக ஒரே வாக்குறுதி. ராஜா வீட்டு வாத்தியார் என்றதும் அவர்களுக்கு அரிஸ்டாட்டில் ஞாபகம் வருகிறார். நமக்குத் துரோணர் ஞாபகம் வருகிறார். ஏகலைவன் கற்றுக்கொண்டது ஒரு களிமண் பொம்மையை வைத்துக்கொண்டு. அந்தப் பொம்மை அவனிடம் எதையும் கேட்கவில்லை. கட்டைவிரலைக் கேட்டது உயிரோடிருந்த வாத்தியார்.

சப்பிசும் அவருடைய சகா அட்கின்சனும் தங்கள் எந்திரத்தைக் கொண்டுபோய் வைத்த ஓர் இடம் கவனிக்க வேண்டியது. ஈஸ்ட் பாலோ ஆல்டோவின் பிரெண்ட்வுட் தொடக்கப் பள்ளி. ஸ்டான்போர்டு இருக்கும் பாலோ ஆல்டோ பணக்கார ஊர். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட் பாலோ ஆல்டோ. நம்ம பாஷையில் சொன்னால் ஊருக்குக் கிழக்கே இருக்கும் சேரி. பள்ளியில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். 1966-67இல் அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐபிஎம் எந்திரத்தின் முன்னால் ஹெட்போன் மாட்டி, ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு வாசிப்பும் கணக்கும் கற்றார்கள். தொடுவதற்கு அவர்களை அனுமதித்தார்கள் என்பதைப் பதிவு செய்யத்தான் வேண்டும். ஆறு வயதுக் கறுப்புப் பிள்ளை அன்றைய தேதிக்கு உலகத்தின் விலையுயர்ந்த கருவிகளில் ஒன்றைத் தொட்டது.

அடுத்தது மிசிசிப்பி மாநிலத்தின் மக்கோம். 1967-68இல் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிகளில் டெலிடைப் எந்திரங்களை வைத்து, ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஸ்டான்போர்டு கணிப்பொறியோடு டெலிபோன் கம்பியால் இணைத்தார்கள். பிள்ளை தன் பெயரைத் தட்டும். காகிதத்தில் கணக்கு அச்சாகி வரும். விடையைத் தட்ட வேண்டும். தப்பென்றால் மறுபடி போடு என்று வரும். மறுபடியும் தப்பென்றால் எந்திரமே விடையைச் சொல்லிவிடும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சில நிமிஷம்தான். கலிபோர்னியாவில் கிடைத்ததைவிட மிசிசிப்பியில் மதிப்பெண் அதிகம் கூடியது என்று 1969இல் எழுதினார்கள். நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். அடிக்காத, திட்டாத, 'உனக்கெல்லாம் எதுக்குடி படிப்பு' என்று கேட்காத ஒன்று எதிரில் இருந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை படிக்கத்தான் செய்யும். அந்த அருமை நம்ம பள்ளிக்கூடங்களில் உதை வாங்கினவங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் மக்கோம் என்ற ஊரை நான் முதலில் படித்தது கணிப்பொறி வரலாற்றில் அல்ல. 1961இல் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் போராட்டம் நடந்த ஊர் அது. அதில் ஈடுபட்ட மாணவியைப் பள்ளியைவிட்டு நீக்கியதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியே நடந்த ஊர். 1964 கோடையில் போராளிகள் தங்கியிருந்த வீட்டுக்குக் குண்டு வைத்தார்கள். அப்படியும் அதே கோடையில் அங்கே விடுதலைப் பள்ளி நடந்தது. நமக்கு ஏன் ஓட்டில்லை, வெள்ளைக்காரர்களிடம் இருப்பதில் நமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்றெல்லாம் பிள்ளைகள் கேள்வி கேட்ட பள்ளி அது. மூன்று வருஷம் கழித்து அதே ஊருக்கு டெலிடைப் வந்தது. இப்போது கேள்வி கேட்பது எந்திரம். பிள்ளைக்கு விடை சொல்லும் வேலை. சப்பிஸ் 1967இல் இதற்கென்று ஒரு கம்பெனியும் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு 1965ஆம் வருஷச் சட்டத்தின்படி வந்த அரசுப் பணத்தில் இந்தப் பயிற்சிப் பாடங்களை வாங்கினார்கள். கேள்வியை எழுதும் இடம் ஸ்டான்போர்டிலேயே இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் நின்றார். சீமோர் பாப்பர்ட். 1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த வெள்ளைக்காரர். வீட்டு வேலை செய்த, எழுத்தறியாத கறுப்பின மக்களுக்கு மாலை வகுப்பு நடத்த முயன்று பள்ளிப் பருவத்திலேயே அதிகாரிகளிடம் கெட்ட பெயர் வாங்கியவர். நிறவெறியை எதிர்த்தவர். நாட்டைவிட்டு வந்து, ஜெனீவாவில் பியாஜேயிடம் சில வருஷம் இருந்துவிட்டு அமெரிக்கா போனார். 1967இல் அவரும் சிந்தியா சாலமன், வாலி பியூர்சிக் முதலானவர்களும் சேர்ந்து பிள்ளைகளுக்கென்றே லோகோ என்ற கணிப்பொறி மொழியைச் செய்தார்கள். முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்று பிள்ளை கட்டளை எழுதினால் ஓர் ஆமை நகர்ந்து கோடு போடும். இந்த இரண்டையும் நாலு தடவை எழுதினால் சதுரம் வரும். 1980இல் வந்த தன் புத்தகத்தில் பாப்பர்ட் எழுப்பியது சாவியைப் பற்றிய கேள்விதான். எந்திரம் பிள்ளையை இயக்குகிறதா, பிள்ளை எந்திரத்தை இயக்குகிறதா?

1985இல் பாஸ்டன் நகரத்தின் ஹென்னிகன் பள்ளியில் அவருடைய குழு வேலையைத் தொடங்கியது. இங்கேயும் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள். கணிப்பொறிகளைத் தனி அறையில் பூட்டி வைக்காமல், வகுப்பறைகளுக்கு நடுவே இருந்த திறந்தவெளிக் கூடத்தில் வட்டம் வட்டமாகப் போட்டார்கள். 1987இல் இதித் ஹரேல் என்ற ஆய்வாளர் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் 17 பேரிடம் ஒரு வேலை கொடுத்தார்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை நீங்களே லோகோவில் எழுதுங்கள். சுமார் நாலு மாதம் நடந்தது. பின்னம் என்றால் வட்டத்தில் வண்ணமடித்த பாதி என்று மட்டும் நினைத்திருந்த ஒரு கறுப்பினச் சிறுமி, திரையில் ஒரு வீட்டை வரைந்து, எல்லாவற்றிலும் பாதியைக் காட்டி, பின்னம் நாம் புழங்குகிற எல்லா இடத்திலும் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி பாடம் செய்தாள். இதைப் படித்தபோது எனக்கு எழும்பூர் மணல் ஞாபகம் வந்தது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆனால் பெல்லின் சட்டாம்பிள்ளை மேலே இருந்து வந்ததை ஒப்பிப்பவன். இந்தப் பெண் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்தாள். எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது இதுதான், கருவி இரண்டாம்பட்சம்.

இந்தியாவுக்கு வருவோம். 1984-85இல் மத்திய அரசு சுமார் 250 பள்ளிகளில் பிரிட்டனிலிருந்து வந்த பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளை வைத்தது. 'கிளாஸ்' திட்டம் என்று பெயர். 32 கிலோபைட் நினைவகம், இங்கிலீஷ் பாடம். அது எந்தப் பிள்ளைகளுக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1999 ஜனவரி 26, குடியரசு நாள். டில்லி கல்காஜியில் என்ஐஐடி கம்பெனி அலுவலகத்துக்கும் குடிசைப் பகுதிக்கும் நடுவேயிருந்த சுவரில் ஓட்டை போட்டு சுகதா மித்ரா ஒரு கணிப்பொறியைப் பதித்தார். ஆசிரியர் இல்லாமலே குடிசைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள் என்று உலகமே கைதட்டியது. சாவி இல்லாத கணிப்பொறிதானே என்று நீங்கள் கேட்கலாம். இந்தத் திட்டத்தின் கணிப்பொறிகளைப் போய்ப் பார்த்த மார்க் வார்ஷாவர் என்ற ஆய்வாளர் வேறு மாதிரி எழுதினார். இணைய இணைப்பு பல நேரம் வேலை செய்யவில்லை, இந்தியில் ஒன்றும் இல்லை, பையன்கள் விளையாட்டிலும் படம் வரைவதிலும்தான் பெரும்பாலும் இருந்தார்கள். பெண் பிள்ளைகள் எங்கே? சுவருக்கு முன்னால் முண்டியடிக்கிறவன் கையில் சாவி போய்விட்டது, அவ்வளவுதான். அப்புறம் எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. அலுவலகத்துப் பிள்ளைகளுக்கு நாற்காலி, மேசை, வாத்தியார். குடிசைப் பிள்ளைக்கு மட்டும் சுவரில் ஓட்டை போதுமா? டீக்கடையில் கொட்டாங்கச்சியில் டீ ஊத்திக் குடுத்த மாதிரி இருக்கு.

அதே 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்து, தமிழ் 99 விசைப்பலகையை அரசு தரப்படுத்தியது. அரசு மேல்நிலைப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வியைத் தனியாரிடம் ஒப்பந்தத்தில் விட்டதும் அந்தச் சமயத்தில்தான். 371 பள்ளிகள் மேலே சொன்ன கம்பெனிக்குப் போயின.

நான் பிளஸ் ஒன் சேர்ந்தது 2005இல். பள்ளியின் பெயர் வேண்டாம், அந்த மாதிரிப் பள்ளி தமிழ்நாட்டில் எங்கேயும் இருக்கும். 'கம்ப்யூட்டர் குரூப்' கேட்டேன். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு. 'காலனிப் புள்ளைங்களுக்கு அது கஷ்டம், தனியா பீஸ் வேற கட்டணும்' என்று சொல்லி மூன்றாம் குரூப்பில் போட்டார்கள். கம்ப்யூட்டர் அறை மாடியில் இருந்தது. சன்னலுக்கெல்லாம் கம்பி, கதவுக்கு ரெண்டு பூட்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும், கோயில் மாதிரி. தூசு எந்திரத்துக்கு ஆகாது என்பதால் தினமும் பெருக்கித் துடைக்க வேண்டும். அதற்கு எங்களைக் கூப்பிடுவார்கள். காலனியிலிருந்து போன நாங்கள் மூணு பேர் ரெண்டு வருஷம் அந்த அறையைப் பெருக்கினோம். திரையை ஈரத்துணியால் துடைத்திருக்கிறேன். அதற்குள் வெளிச்சம் வந்து நான் பார்த்ததில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் பக்கம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி கல்லூரிப் பிள்ளைகளுக்கு அடுத்த சில வருஷங்களில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். இதை 'இலவசம்' என்று இளக்காரமாகப் பேசியவர்கள் பத்திரிகைகளில் நிறைய எழுதினார்கள். புள்ளைங்க சினிமா பார்க்கிறாங்க, விற்றுத் தின்கிறாங்க என்று. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சினிமா பார்ப்பதில்லை போலிருக்கிறது. வகுப்பறையில் ஆசிரியர்கள் அந்தக் கணினியைத் திறந்து பாடம் நடத்தியது அபூர்வம்தான், அதை மறுக்க மாட்டேன். பெட்டி மேலே முதல்வர் படம் இருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லித்தர ஆளில்லை. ஆனாலும் வரலாற்றில் ஒரு காரியம் நடந்திருக்கிறது. பூட்டிய அறையிலிருந்து எடுத்துக் கணிப்பொறியை முதன்முதலாகச் சேரி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது இந்தத் திட்டம். பிளஸ் டூ படித்த என் தங்கை அதைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு எங்கம்மா டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு இருந்த இடத்தை அதற்கு ஒதுக்கினாள். நான் தமிழில் முதல் பக்கம் தட்டியது அதில்தான். அப்போது எனக்கு வயசு இருபத்தொன்று.

2020க்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நின்றுபோனது. சரியாகத் தேவைப்பட்ட நேரத்தில். அந்த வருஷம் மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். பாடம் செல்போனுக்குள் போய்விட்டது. ஜூன் முதல் தேதி, கேரளத்தில் இணையவழி வகுப்பு தொடங்கிய நாளிலேயே, மலப்புறம் மாவட்டத்தில் ஒரு தலித் மாணவி உயிரை விட்டாள். வீட்டில் டிவி ரிப்பேர், போன் இல்லை. எழுத்தறிவில் அப்போது முதல் மாநிலமாயிருந்தது அது. 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அறிவித்தது. கல்லூரி வரைக்கும் வந்து சேராத புள்ளைங்களைப் பற்றி அதில் பேச்சில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் மாலைப் பள்ளி நடத்துகிறோம். அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகள் சிலவற்றை அக்கா, அண்ணன்மார் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாதிக்கு பேட்டரி நிற்காது, கம்பியைச் சொருகிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டச்சு, படம் என்று கொஞ்ச நாள் போனது. பிறகு வேறு வேலை எடுத்தோம். அந்த மாவட்டத்தின் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின்பேரில் 1892 முதல் நம் மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் மாநிலம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அதை மீட்கும் போராட்டத்தில் 1994இல் காரணை நிலத்துக்காக ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். எங்கள் கிராமத்தில் எந்தெந்தச் சர்வே எண்கள் பஞ்சமி என்ற பழைய பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி வைத்திருந்தோம். வருவாய்த் துறையின் அ-பதிவேடு இப்போது இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது. பிள்ளைகளிடம் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு எண்ணும் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னோம்.

எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். செல்போன் இணைப்பில் ஒவ்வொரு பக்கமும் திறக்க அஞ்சு நிமிஷம் ஆகும். பதிவேட்டில் பரப்பு ஹெக்டேரில் இருக்கும், தாத்தா பாட்டிக்கு ஏக்கரும் சென்ட்டும்தான் தெரியும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்று சொன்னதும், 0.81 ஹெக்டேர் என்றால் ரெண்டு ஏக்கர் என்று ஒரு பெண் மனக்கணக்காகச் சொன்னாள். பள்ளியில் தசமப் பெருக்கலில் அவள் பெயில். அட்டவணை போட அவர்களே கற்றுக்கொண்டார்கள். ஒரு நிரலில் பழைய பட்டா, ஒரு நிரலில் இன்றைய பெயர். அந்த இன்றைய பெயர்களில் சிலருடைய பிள்ளைகள் இவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். முதல் தடவை அப்படி ஒரு பெயர் வந்தபோது ஒருத்தரும் பேசவில்லை. ஒரு பையன் மட்டும் 'அக்கா, இதைப் பள்ளிக்கூடத்துல சொல்லலாமா?' என்று கேட்டான். வேண்டாம், முதலில் முழுசா எடுத்து முடிப்போம் என்றேன்.

மூன்றாவது நிரலைப் பிள்ளைகள்தான் சேர்த்தார்கள். சர்வே எண்ணைச் சொன்னால் கிழவிகளுக்கு இடம் புரியவில்லை. கிணத்துமேட்டுக் கொல்லை, புளியமரத்தடி, சுடுகாட்டு வடவண்டை என்று அவர்கள் சொல்கிற பெயர் வேறு. ஒரு மடிக்கணினியையும் ஒரு நீளக் கம்பியையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், வரைபடத்தைத் திரையில் காட்டி, 'ஆயா, இது எந்த எடம்?' என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். யார் எந்த வருஷம் உழுதார்கள், எந்தப் பஞ்சத்தில் எத்தனை மரக்கால் கேழ்வரகுக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்த நிரலில் வந்து சேருகிறது. அட்டவணையின் முதல் பகுதியை இணைத்து மனு ஒன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தந்தார்கள். மேற்குத் தெருவில் இன்னும் கேட்க வேண்டிய வீடுகள் இருக்கின்றன. அங்கே கரண்ட் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஒழுங்காக இருக்கும் என்பதால் அன்றைக்குப் போகிறார்கள்.